ராயபுரம் – வாலாஜா ரோடு: ஒரு ரயில் பாதையும் அதை ஆண்ட சட்டங்களும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பிய ரயில் வாலாஜா ரோடு வரை போனது. அந்த ஸ்டேஷனுக்கு அப்போது ஆற்காடு என்று பெயர். தூரம் சுமார் 100 கி.மீ. தென்னிந்தியாவில் பொதுமக்கள் டிக்கெட் வாங்கி ஏறிய முதல் பாதை இதுதான். ராயபுரம் ஸ்டேஷனை கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த கதையைப் பலரும் எங்காவது படித்திருப்போம். ஆனால் அந்தப் பாதையைப் போட யார் அனுமதி கொடுத்தார்கள், வழியில் இருந்த வயல்களை எந்த அதிகாரத்தில் எடுத்தார்கள், வருமானம் போதாவிட்டால் யார் பணம் கட்டுவார்கள், ஏறிய பயணிக்கு என்ன உரிமை இருந்தது என்ற கேள்விகள் அவ்வளவாக எழுவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் பதில் சட்டங்களில் இருக்கிறது. சட்டம் படித்தவர்களுக்கு மட்டும்தான் புரியும் என்று ஒதுக்கிவிடக் கூடிய விஷயமும் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

காலனிய இந்தியாவில் ஒரு ரயில் பாதை உருவாக நான்கு விதமான ஆவணங்கள் தேவைப்பட்டன. கம்பெனியை உண்டாக்க லண்டன் நாடாளுமன்றத்தின் சட்டம் ஒன்று. அந்தக் கம்பெனிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். நிலத்தை எடுக்க இந்தியாவில் இயற்றிய சட்டம். கடைசியாக, ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கம்பெனி, ஊழியர், பயணி மூவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் சட்டம். முதல் மூன்றும் பாதையைப் பிறப்பித்தவை, நான்காவது அதை ஆண்டது. இவற்றில் மக்களின் வாழ்க்கையை அதிகம் பாதித்தது இரண்டாவது என்பது என் கருத்து. அதில்தான் பணம் இருந்தது.

முதலில் லண்டன் சட்டம். ரயில் போட ஒரு கம்பெனி ஆரம்பித்தால் போதாதா, அதற்கு எதற்கு நாடாளுமன்றம் என்று தோன்றலாம். 1855 வரை இங்கிலாந்தில் நிலைமை வேறு. நூறு பேர் சேர்ந்து ஒரு தொழிலில் பணம் போட்டால், பொதுவாக அந்த நூறு பேரும் கூட்டாளிகள். தொழில் கடனில் மூழ்கினால், கடன் கொடுத்தவர் எந்தக் கூட்டாளியின் சொத்தின் மீதும் கை வைக்கலாம். ஆயிரம் பவுண்டு போட்டவர் தன் வீட்டையும் இழக்க நேரிடும். போட்ட பணத்தோடு பொறுப்பு முடிந்தது என்ற பாதுகாப்பு வேண்டுமென்றால் அரசரின் சாசனம் வேண்டும், இல்லையென்றால் நாடாளுமன்றத்தின் தனிச்சட்டம் வேண்டும். அந்தப் பாதுகாப்பைப் பொதுவான சட்டத்தின் மூலம் எல்லாக் கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது 1855-இல்தான். ரயிலுக்கோ லட்சக்கணக்கான பவுண்டு தேவை. அதைச் சிறுசிறு தொகையாகப் பல குடும்பங்களிடமிருந்து திரட்ட வேண்டும். அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் ஒருவரும் பணம் போட மாட்டார்கள். அதனால்தான் 1849-இல் கிழக்கிந்திய ரயில்வேக்கு ஒரு சட்டம், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று பம்பாயைச் சேர்ந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேக்கு ஒரு சட்டம், 1853-இல் மெட்ராஸ் ரயில்வேக்கு ஒரு சட்டம் என்று வரிசையாக வந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்துக்குள் ஒரு பாதை போட வேண்டுமென்றாலும் தனிச்சட்டம்தான். ஆனால் அங்கே மசோதாவோடு பாதை எந்த ஊர் வழியாக, யாருடைய நிலத்தின் மேல் போகிறது என்ற வரைபடத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். நிலத்துக்காரர், கால்வாய் முதலாளி, ஊர்ச் சபை என்று பாதிக்கப்படும் யாரும் நாடாளுமன்றக் குழு முன்னால் போய் எதிர்ப்புச் சொல்லலாம். குழு விசாரிக்கும், சாட்சி கேட்கும், சில சமயம் மசோதாவையே தள்ளிவிடும். கம்பெனி எப்படி நடக்க வேண்டும், நிலத்தை எப்படி எடுக்க வேண்டும், பாதையை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கான பொது விதிகளை 1845-இல் மூன்று தொகுப்புச் சட்டங்களாகவே எழுதி வைத்திருந்தார்கள். இந்தியப் பாதைகளுக்கான லண்டன் சட்டங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை கம்பெனியை உண்டாக்கின, மூலதனம் திரட்ட அதிகாரம் கொடுத்தன. பாதை எங்கே போக வேண்டும் என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்பந்தமும் இந்திய அரசாங்கமும் பார்த்துக்கொண்டன. காஞ்சிபுரம் பக்கத்து மிராசுதாரோ ஆற்காட்டு நெசவாளரோ "எங்கள் வழியாக வேண்டாம்" என்றோ "எங்கள் ஊருக்கும் வேண்டும்" என்றோ லண்டன் குழு முன் போய் நிற்க வழியே வைக்கவில்லை. இந்தப் பக்கம் கல்கத்தாவில் சட்டம் இயற்றிய கவுன்சிலில் அப்போது ஓர் இந்தியர்கூட இல்லை. முதல் இந்திய நியமன உறுப்பினர்கள் 1862-இல்தான் வந்தார்கள். எனவே இந்தப் பாதைகளின் அடித்தளச் சட்டங்கள் எல்லாம், அவற்றின் மேல் பயணம் செய்யப்போகிறவர்களையும் அவற்றுக்கு வரி கட்டப்போகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதப்பட்டவை.

சரி, இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம்.

மெட்ராஸில் ரயில் கம்பெனி ஆரம்பிக்க முதல் முயற்சி 1845-இலேயே நடந்தது. அது எடுபடவில்லை, கம்பெனி கலைந்தது. கடலுக்கு அப்பால், பார்த்தறியாத ஊரில், மக்கள் ரயிலில் ஏறுவார்களா என்றே தெரியாத நிலையில் பணம் போட லண்டன்காரர்கள் தயங்கினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: லாபம் வந்தாலும் வராவிட்டாலும் எங்கள் பணத்துக்கு இத்தனை சதவீதம் வட்டி தருகிறோம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பல ஆண்டு பேரம் பேசிய பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ஒத்துக்கொண்டது. 1849 ஆகஸ்டில் முதல் இரண்டு கம்பெனிகளோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1852-இல் புதிதாகத் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வேயும் அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. இதைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் உத்தரவாத முறை என்று சொல்கின்றன.

அந்த முறை எப்படி வேலை செய்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியும். கம்பெனி 1,00,000 பவுண்டு திரட்டி அரசாங்கக் கஜானாவில் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் உத்தரவாத வட்டி 5 சதவீதம், சிலவற்றில் சற்றுக் குறைவு. 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 5,000 பவுண்டு. தண்டவாளம் ஓரடிகூடப் போடாத காலத்திலும், பணம் கட்டிய நாளிலிருந்தே இந்த வட்டி ஓடத் தொடங்கிவிடும். பாதை திறந்த பிறகு செலவு போக 3,000 பவுண்டு மிஞ்சியது என்றால் மீதி 2,000-ஐ இந்திய வரிப்பணத்திலிருந்து அரசாங்கம் போட்டு 5,000 ஆக்கிக் கொடுக்கும். ஒரு நல்ல ஆண்டில் 7,000 பவுண்டு மிஞ்சினால்? 5,000-க்கு மேல் வந்த 2,000-இல் பாதி, அரசாங்கம் முன்பு போட்ட வட்டியைத் திருப்பிக் கட்டப் போகும். மறு பாதி பங்குதாரருக்கு. பழைய பாக்கி முழுவதும் தீர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் லாபம் எல்லாம் பங்குதாரருக்கே.

இதற்கு மேல் நிலம் இலவசம். 99 ஆண்டுகளுக்கு அரசாங்கம் நிலத்தைக் கொடுக்கும், கம்பெனி ஒரு காசும் தர வேண்டாம். 99 ஆண்டு முடிந்தால் பாதையும் கட்டடங்களும் அரசாங்கத்துக்கு வந்து சேரும். எஞ்சின், பெட்டிகளுக்கு மட்டும் மதிப்புப் போட்டுப் பணம் கொடுக்க வேண்டும். இதை மட்டும் படித்தால் நியாயமாகத்தான் தெரியும். அடுத்த ஷரத்தைப் பாருங்கள்: கம்பெனிக்கு எப்போது வேண்டுமானாலும், ஆறு மாத முன்னறிவிப்போடு, பாதையை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போட்ட மூலதனத்தைத் திரும்பப் பெறும் உரிமை இருந்தது. நஷ்டத்தில் ஓடும் பாதையை யார் 99 ஆண்டு வரை வைத்திருப்பார்கள்? அரசாங்கத்துக்கும் ஓர் உரிமை உண்டு. முதல் 25 ஆண்டுகள் முடிந்த பிறகு, பங்குகளின் சந்தை விலையைக் கொடுத்துப் பாதையை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 5 சதவீதம் உறுதி என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த பங்கின் விலை, அந்த உறுதியின் காரணமாகவே உயர்ந்து நிற்கும். தன் கையெழுத்துக்குத் தானே விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலைமை அது.

அப்பா பெயரில் கடன் வாங்கிக் கடை வைத்த பையன் எப்படிச் செலவு செய்வானோ அப்படித்தான் கம்பெனிகளும் செய்தன. செலவைக் குறைத்தால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, கூடினால் ஒரு கேடும் இல்லை. மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று தொடக்கத்தில் பேசப்பட்டது. 1860-களின் இறுதியில் சராசரி 18,000 பவுண்டை நெருங்கிவிட்டது. இதில் முழுப் பழியையும் ஒப்பந்தத்தின் மேல் போட முடியாது. அகலப் பாதை, பெரிய ஆறுகள், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இரும்பு, 1857-இன் போர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்திய அரசாங்கத்தின் நிதிப் பொறுப்பை வகித்த வில்லியம் மாஸியே 1872-இல் நாடாளுமன்றக் குழு முன் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார்: இந்திய வருவாயிலிருந்து 5 சதவீதம் உறுதி என்ற பிறகு, தான் கொடுத்த பணத்தை ஹூக்ளி ஆற்றில் போட்டாலும் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றினாலும் ஆங்கில முதலாளிக்கு ஒன்றுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். இதை எதிர்க்கட்சிக்காரர் சொல்லவில்லை, கணக்கை உள்ளிருந்து பார்த்தவர் சொன்னார்.

இன்னொரு விஷயம், இது சற்று நுட்பமானது. பங்குதாரருக்கு வட்டி லண்டனில் பவுண்டில் போக வேண்டும். ரயிலுக்கு வருமானம் வந்தது இந்தியாவில் ரூபாயில். 1850-களில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங் கிடைத்தது (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). வெள்ளியின் விலை சரியச் சரிய, 1890-களில் அது 1 ஷில்லிங் 2 பென்ஸ், 3 பென்ஸ் என்று இறங்கியது. ஒப்பந்தக் கணக்குகளிலோ ரூபாய்க்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ் என்று மாற்று விகிதத்தை முன்பே பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டியது கணக்கில் மட்டும்தான். சந்தை விலையில் அதே 5,000 பவுண்டை வாங்கி அனுப்ப அரசாங்கத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு அதிக ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் கூடுதல் ரூபாய் நிலவரியிலிருந்தும் உப்பு வரியிலிருந்தும்தான் வர வேண்டும். ரயிலையே பார்த்திராத ஓர் உழவர்கூட இந்த விதத்தில் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். பங்குதாரர்களில் இந்தியர் மிகச் சிலரே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தியாவின் செல்வம் வெளியே போவதைக் கணக்கெடுத்து எழுதிய தாதாபாய் நௌரோஜியும் ரமேஷ் சந்திர தத்தும் ஏன் அவ்வளவு கோபத்தோடு ரயில் கணக்கைத் தோண்டினார்கள் என்பது விளங்கும்.

அரசாங்கம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் கட்டுப்பாடுகள் நிறையவே இருந்தன. லண்டனில் ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் அரசாங்கத்தின் ஆள் ஒருவர் உட்காருவார். எந்தத் தீர்மானத்தையும் அவர் தடுக்கலாம். இந்தியாவில் ஒவ்வொரு மாகாணத்திலும் அரசாங்கத்தின் ஆலோசனைப் பொறியாளர் ஒருவர் இருப்பார். பாதையின் போக்கு, பாலத்தின் வடிவம், ஊழியர் நியமனம், பயணக் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் அவர் வழியாக ஒப்புதல் வாங்க வேண்டும். பம்பாய் – தானே பாதையில் முதல் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16. அதற்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 20 அன்று, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி எழுதிய புகழ்பெற்ற குறிப்பிலும் இதே கொள்கைதான்: தனியார் கம்பெனி கட்டட்டும், அரசாங்கம் மேற்பார்வை செய்யட்டும். நடைமுறையில் இது இரண்டு பக்கமும் இழுபறியாக முடிந்தது. கம்பெனிப் பொறியாளர் ஒரு பாலம் கட்ட நினைத்தால் கோப்பு மெட்ராஸ், கல்கத்தா, லண்டன் என்று சுற்றும். தாமதம் கூடும், தாமதத்துக்கும் வட்டி ஓடும்.

உத்தரவாதம் இல்லாமல் அந்தக் காலத்தில் பணம் வந்திருக்காது என்று வாதிடுபவர்கள் உண்டு. 1845-இல் மெட்ராஸில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. என் கேள்வி வேறு. முழு ஆபத்தையும் அரசாங்கமே சுமக்கிறது என்றால், அரசாங்கமே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தானே கட்டியிருக்கலாமே? வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் இதே கேள்வியைக் கேட்டார். லாபம் முழுவதும் கம்பெனிக்கு, நஷ்டம் முழுவதும் அரசாங்கத்துக்கு என்ற ஏற்பாடு எதற்கு என்று அவர் வாதாடியதன் பலனாக 1869-இலிருந்து அரசாங்கம் நேரடியாகப் பாதை போடத் தொடங்கியது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் கிடைத்தது. கொழும்பு – கண்டி பாதைக்காக அங்கும் லண்டன் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார்கள். 8,00,000 பவுண்டு என்றிருந்த மதிப்பீடு புது ஆய்வுக்குப் பிறகு 20 லட்சத்தைத் தாண்டியதும் ஒப்பந்தத்தை 1861-இல் முடித்துக்கொண்டு காலனி அரசாங்கமே பாதையை எடுத்துக்கொண்டது. ரயில் 1867-இல் கண்டியைத் தொட்டது. அங்கே செலவில் ஒரு பங்கு காப்பி ஏற்றுமதி மீதான வரியிலிருந்து வந்தது. அந்தக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து போன தமிழர்கள்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலம் இலவசம் என்றால் கம்பெனிக்கு இலவசம், அரசாங்கம் அதை யாரிடமிருந்தாவது எடுத்தாக வேண்டும். வங்காளத்தில் 1824-இலிருந்தே பொதுப்பணிக்கு நிலம் எடுக்கும் விதி இருந்தது. 1850-இல் ஒரு சட்டம் போட்டு, ரயில் பாதையும் அந்த விதிக்கு உட்பட்ட பொதுப்பணிதான் என்று அறிவித்தார்கள். மெட்ராஸ் மாகாணத்துக்கு 1852-இல் தனியாக நிலச் சட்டம் வந்தது. 1857-இல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரே சட்டம், பிறகு 1870, பிறகு 1894. அந்த 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 2013-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தபோதுதான் போனது. லண்டன் பங்குதாரரின் லாபத்துக்கும் ஓடும் ஒரு தொழிலைப் பொதுப்பணி என்று சட்டம் ஏற்றுக்கொண்ட அந்த 1850-ஆம் ஆண்டு முடிவை முக்கியமான திருப்பமாக நான் நினைக்கிறேன். தனியார் திட்டத்துக்கு அரசு நிலம் எடுத்துக் கொடுக்கலாமா என்ற இன்றைய சண்டைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இனி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு. 1854-இல் ஹவுராவிலிருந்து வங்காளத்தின் முதல் ரயில் கிளம்பிய அதே ஆண்டில், இந்திய ரயில்களுக்கான முதல் பொதுச் சட்டமும் வந்தது. டிக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது, பாதையில் அத்துமீறக் கூடாது, ஊழியர் கடமை தவறினால் தண்டனை என்ற அளவில் அது எளிய சட்டம்தான். 1879-இல் அதை மாற்றி எழுதினார்கள். மூன்றாவதாக வந்ததுதான் நூறு ஆண்டு நின்றது: 1890-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டம், இந்திய ரயில்வே சட்டம்.

முன்பு பார்த்த ஒப்பந்தங்கள் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி. 1890 சட்டம் கம்பெனிப் பாதை, அரசாங்கப் பாதை என்ற பேதமில்லாமல் எல்லோரையும் ஒரே விதியின் கீழ் கொண்டுவந்தது. புதுப் பாதையை ஆய்வாளர் நேரில் பார்த்து, பாலத்தின் வலுவையும் தண்டவாளத்தையும் பெட்டிகளையும் சோதித்து, பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை கொடுத்து அனுமதி கிடைத்த பிறகே பயணிகளை ஏற்றலாம் என்றது. இன்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து ஆய்வு செய்தார் என்று செய்தியில் படிக்கிறோமே, அந்தப் பதவியின் வேர் இங்கேதான். ரயிலை நடத்துகிறவர்களே அதைச் சோதிக்கவும் கூடாது என்று 1941-இல் இந்த ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்து வேறு துறையின் கீழ் வைத்தார்கள். இப்போதும் ஆணையர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறார். பாம்பன் புதுப் பாலத்தை 2024 நவம்பரில் ஆய்வு செய்து குறைகளை எழுதி வைத்ததும் அந்த அதிகாரத்தில்தான்.

சரக்குக்கும் விதிகள் உண்டு. ஒருவருக்குச் சலுகை, இன்னொருவருக்கு இழுத்தடிப்பு என்று பாரபட்சம் காட்டக் கூடாது என்றது 42-ஆவது பிரிவு. தங்கம், வெள்ளி, பட்டு, தந்தம் போன்ற விலையுயர்ந்த பொருள் 100 ரூபாய்க்கு மேல் இருந்தால் முன்கூட்டியே சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தொலைந்தாலும் ரயில்வே பொறுப்பில்லை. அபாயச் சங்கிலியைத் தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் 50 ரூபாய் வரை அபராதம் என்பது இதே சட்டத்தின் 108-ஆவது பிரிவு. 1890-இல் 50 ரூபாய் என்பது சாதாரணக் கூலிக்காரரின் பல மாத வருமானம். சக பயணிகள் சம்மதிக்காமல் பெட்டியில் புகைபிடித்தால் 20 ரூபாய் வரை.

பயணியின் உரிமை என்று பார்த்தால் 63, 64 ஆகிய இரண்டு பிரிவுகளும் முக்கியம். ஒவ்வொரு பெட்டிப் பிரிவிலும் அதிகபட்சம் எத்தனை பேர் என்று நிர்ணயித்து, அதை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். எழுதும்போது வட்டார மொழிக்கும் இடமுண்டு. பயணிகளை ஏற்றும் ஒவ்வொரு ரயிலிலும் கீழ் வகுப்பில் பெண்களுக்கென்று குறைந்தது ஒரு தனி அறை ஒதுக்க வேண்டும். 50 மைலுக்கு மேல் போகும் ரயிலானால் அதில் கழிப்பறையும் இருக்க வேண்டும். சட்டம் கேட்டது அந்த ஓர் அறையில் மட்டும். நாள் முழுக்கப் பயணம் செய்யும் மற்ற மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு அதே வசதி கட்டாயம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வருமானத்தில் பெரும்பங்கைத் தந்ததும் அவர்கள்தான். இதைப் படிக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

63-ஆவது பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 102. எழுதியிருக்கும் எண்ணிக்கை நிரம்பிய பெட்டிக்குள் மேலும் ஒருவரை ஏறும்படி ஓர் ஊழியர் கட்டாயப்படுத்தினால் 20 ரூபாய் வரை அபராதம். ஏட்டில் நல்ல பிரிவு. நடைமுறையில் என்ன ஆனது என்பதற்குச் சாட்சி காந்தி. 1917-இல் பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு மெயில் ரயிலில் மூன்றாம் வகுப்பில் வந்ததைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பெட்டியில் 22 பேர் என்று எழுதியிருந்தது. பயணத்தின் பெரும்பகுதியில் உள்ளே 35 பேருக்கு மேல். சிலர் அழுக்குத் தரையில் படுத்திருந்தார்கள், சிலர் நின்றுகொண்டே வந்தார்கள். ராய்ச்சூரில் நெரிசல் தாங்க முடியாத அளவுக்குப் போனது. கார்டும் மற்ற ஊழியர்களும் பெட்டிப் பக்கம் வந்தது மேலும் ஆட்களை உள்ளே தள்ளுவதற்காக மட்டுமே என்று அவர் எழுதினார். சட்டம் வந்து 27 ஆண்டு கழித்து, 63-ஆவது பிரிவு கேட்ட அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே 102-ஆவது பிரிவு தடுத்த அதே காரியத்தை ஊழியர்கள் செய்தார்கள். விதியை மீறியவர் மேல் வழக்குப் போட வேண்டியவர்கள் யார், நெரிசலில் வரும் ஒரு பயணிக்கு அதற்கு நேரமும் பணமும் எங்கே என்று யோசித்தால், உரிமையை எழுதி வைப்பதற்கும் அதை வாங்கித் தருவதற்கும் நடுவிலுள்ள தூரம் தெரியும்.

ஊழியர் விஷயத்திலும் சட்டம் ஒருபக்கமாகவே பார்த்தது. குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் தண்டனை, கவனக் குறைவால் ஆபத்து விளைவித்தால் சிறை என்று தெளிவாக எழுதினார்கள். ரயில் தடம் மாற உதவும் ஊழியரான ஒரு பாயிண்ட்ஸ்மேனைத் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பதற்கு நாற்பது ஆண்டுகள் அதில் ஒரு வரி கிடையாது. 1928-இல் தென்னிந்திய ரயில்வேயின் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான சிங்காரவேலர் சிறைக்குப் போனார். வேலை நேரத்துக்கான தனி அத்தியாயம் 1930-இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. வாரத்துக்குச் சராசரி 60 மணி நேரம், இடைவிட்டுச் செய்யும் வேலை என்றால் 84 மணி நேரம் என்பது அது வைத்த வரம்பு. உலகத் தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றுக்கொண்டு ஏறக்குறைய பத்து ஆண்டு கழிந்த பிறகு வந்த திருத்தம் இது.

கம்பெனிகள் எப்படி முடிந்தன என்பதும் ஒப்பந்தம் காட்டிய வழியில்தான். கிழக்கிந்திய ரயில்வேயை 1879-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் அரசாங்கம் வாங்கியது. விலையை மொத்தமாகக் கட்டாமல் ஆண்டுத் தவணையாகப் பல பத்தாண்டுகளுக்குக் கட்டும் ஏற்பாடு. மெட்ராஸ் ரயில்வேயின் முறை 1907-இன் முடிவில் வந்தது. அரசாங்கம் வாங்கிய பிறகும் அது நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1908-இல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே என்ற கம்பெனியிடம் நடத்தக் கொடுத்தது. சொத்து அரசாங்கத்துடையது, நடத்துவது லண்டன் கம்பெனி என்ற இந்த இரண்டும் கெட்டான் நிலையை 1920–21-இல் விசாரித்த ஆக்வொர்த் குழு, அரசே நடத்தட்டும் என்று பரிந்துரைத்தது. 1925-இல் கிழக்கிந்திய ரயில்வேயும் கிரேட் இந்தியன் பெனின்சுலாவும் அரசு நிர்வாகத்துக்கு வந்தன. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டாவும் தென்னிந்திய ரயில்வேயும் 1944-இல் வந்தன. இவை மைசூர் ரயில்வேயோடு சேர்ந்து 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே ஆயின.

1890 சட்டம் இவை எல்லாவற்றையும் தாண்டி நின்றது. அதன் இடத்துக்கு 1989-இல் இயற்றிய ரயில்வே சட்டம் 1990 ஜூலை 1 அன்று வந்தது. பழைய 63-ஆவது பிரிவு புதுச் சட்டத்தில் 57 ஆனது. இப்போது இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அந்த எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டும். 64 இப்போது 58. சங்கிலி இழுப்பது 141, அபராதம் 1,000 ரூபாய் வரை அல்லது ஓராண்டு வரை சிறை.

2025 பிப்ரவரியில் புதுடெல்லி ஸ்டேஷனில் கூட்ட நெரிசலில் 18 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த பொதுநல வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ரயில்வேயிடம் இந்த 57-ஆவது பிரிவைத்தான் எடுத்துக் காட்டியது. ஒரு பெட்டிக்கு இத்தனை பேர் என்று நிர்ணயித்துவிட்டு அதற்கு மேல் ஏன் டிக்கெட் விற்கிறீர்கள் என்று கேட்டது.